உங்கள் போனுக்குள் ஒரு கருந்துளைக் கதை இருக்கிறது, தெரியுமா?

செவ்வாய்க் கிரகத்தில் பறந்த முதல் ஹெலிகாப்டரின் மூளை எது தெரியுமா? விஞ்ஞானிகள் கோடி கோடியாகக் கொட்டிச் செய்த தனி சிப் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! ஸ்னாப்டிராகன் 801. 2014-ல் வந்த ஒன்பிளஸ் ஒன், ஷாவ்மி மி 4 போன்களில் இருந்த அதே ரகம்! திரை உடைந்து, சார்ஜ் ஏறாமல் உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கும் பழைய போனுக்குள்ளும் ஒருவேளை அதுவே இருக்கலாம்.

அந்த ஹெலிகாப்டரின் பெயர் இன்ஜெனுயிட்டி. எடை வெறும் 1.8 கிலோ. 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முதலாக எழும்பியது. ஐந்து முறை பறந்தாலே வெற்றி என்று நாசா கணக்குப் போட்டது. அதுவோ 2024 ஜனவரிக்குள் 72 முறை பறந்து தீர்த்துவிட்டது! இன்னொன்றும் கேளுங்கள். அதை வயிற்றுக்கடியில் சுமந்துபோன பெர்சிவரன்ஸ் ரோவருக்குள் இருப்பது, 1998-ல் வந்த ஆப்பிள் ஐமேக் கணினியின் சிப்புக்கு உடன்பிறப்பு. கதிர்வீச்சைத் தாங்கும்படி மாற்றிக் கட்டியது. சுமந்துபோன பெரிய வண்டியைவிட, சுமக்கப்பட்ட குட்டிக்கு மூளை பல மடங்கு வேகம்!

இன்னும் ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. அந்த ஹெலிகாப்டரில் ஓடியது லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருள். அதற்கும், அதோடு சேர்ந்து பறந்த மற்ற திறந்த மென்பொருள்களுக்கும் நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 12,000 பேர் என்று கிட்ஹப் நிறுவனம் கணக்கெடுத்தது. தாங்கள் எழுதிய வரிகள் செவ்வாய்க்குப் போயிருக்கின்றன என்பதே அவர்களில் பலருக்குச் செய்தி வந்த பிறகுதான் தெரியும்!

செப்டம்பர் வந்தால் போதும், புது மாடல் செய்திகள் வரிசை கட்டுகின்றன. கேமரா ஒன்று கூடியது, எடை கொஞ்சம் குறைந்தது, நிறம் மாறியது. நான் சொல்கிறேன், வாய்பிளக்க வைக்கும் விஷயங்களெல்லாம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் போனில்தான் இருக்கின்றன! அவற்றில் பல வேறு எதற்காகவோ பிறந்தவை. யாரோ ஒருவர் 'எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டதால்தான் நம் கைவரைக்கும் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

டீக்கடை ஸ்டிக்கரில் ஒளிந்திருக்கும் கணக்கு

டீக்குக் காசு கொடுக்க க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்கிறீர்களே, அதை எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா? மூன்று மூலைகளில் மூன்று கட்டங்கள். நடுவில் கறுப்புச் சதுரம், அதைச் சுற்றி வெள்ளை, அதற்கும் வெளியே கறுப்பு. அதன் நடு வழியாக மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். கறுப்பு 1, வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 1, கறுப்பு 1. படுக்கையாகப் போட்டாலும் சரி, சாய்வாகப் போட்டாலும் சரி, இதே விகிதம்தான்! அதனால்தான் போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் சட்டென்று படித்துவிடுகிறது.

இந்த 1:1:3:1:1 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் டென்சோ நிறுவனப் பொறியாளர் மசாஹிரோ ஹாராவும் அவருடைய சகாவும் விளம்பரத் துண்டுகள், பத்திரிகைகள், அட்டைப் பெட்டிகள் என்று அச்சான காகிதங்களையெல்லாம் அலசி, அவற்றில் மிக மிக அரிதாக வரும் கறுப்பு வெள்ளை விகிதம் எது என்று தேடிக் கண்டுபிடித்தது! பக்கத்தில் என்ன அச்சாகியிருந்தாலும் கேமரா குழம்பக் கூடாது அல்லவா? மதிய இடைவேளையில் ஹாரா ஆடிய 'கோ' விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் காய்கள்தான் கட்டம் கட்டமாகத் தகவலை அடுக்கும் யோசனையைக் கொடுத்தன.

இது பிறந்தது 1994-ல். எதற்காக? கார் உதிரிபாகப் பெட்டிகளை எண்ணுவதற்காக! ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துத் தொழிலாளர்கள் சலித்துப்போயிருந்தார்கள். பார்கோடில் ஏறத்தாழ 20 எழுத்துகள்தான் அடங்கும். க்யூஆரில் 7,089 இலக்கங்கள் வரை!

ஸ்டிக்கரின் ஓரம் கிழிந்தாலும், எண்ணெய்க் கறை பட்டாலும் பணம் போகிறதே, எப்படி? தகவலோடு சேர்த்து, அதைத் திருத்திக்கொள்ளும் கணக்கும் உள்ளேயே அச்சாகியிருக்கிறது. 1960-ல் ரீட், சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் கண்ட வழி. கீறல் விழுந்த சிடி பாடியதும் இதே கணக்கால்தான். உச்சபட்சத் திருத்த அளவில் அச்சிட்டால் 30 சதவிகிதம் வரை அழிந்துபோனாலும் மீதியை வைத்து முழுசையும் மீட்டுவிடலாம்!

இத்தனைக்கும் காப்புரிமை கையில் இருந்தும் டென்சோவின் கிளை நிறுவனமான டென்சோ வேவ் யாரிடமும் கட்டணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூக்கார அம்மாவின் கூடையில் இந்த ஸ்டிக்கர் ஏறியிருக்குமா? 2023 ஆகஸ்டில் இந்தியாவின் மாதாந்திர யூபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக 1,000 கோடியைத் தாண்டின. ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றின் பெட்டி எண்ணும் வேலைக்கும் அதில் பங்கு உண்டு!

கருந்துளையைத் தேடிப் போனார்கள், வைஃபை கிடைத்தது

1970-களில் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு கணிப்புச் சொன்னார்: குட்டிக் கருந்துளைகள் மெல்ல ஆவியாகிக் கடைசியில் வெடிக்கலாம். அந்த வெடிப்பின் ரேடியோ அலை பூமிக்கு வருகிறதா என்று தேடியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜான் ஓ'சல்லிவன். கருந்துளை வெடிப்பு எதுவும் சிக்கவில்லை! ஆனால் விண்வெளியில் சிதறிக் கலங்கி வரும் மெல்லிய சமிக்ஞையைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்கும் வித்தை கைவந்தது.

பிறகு ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ-வில் அவருடைய குழு வேறொரு சிக்கலைக் கையில் எடுத்தது. அறைக்குள் ரேடியோ அலை சுவரில் மோதி, பீரோவில் மோதி, கூரையில் மோதி எதிரொலித்து, ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடுகிறது. கம்பி இல்லாமல் கணினிகளை வேகமாக இணைக்க அதுதான் தடை. வானத்துக்குக் கற்ற கணக்கு இங்கே கைகொடுத்தது! 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்த நுட்பம் வைஃபைக்குள் போனது.

வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய ஒரே அலைவரிசைக்காரர்கள் என்பது தெரியுமா? அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ், பழைய வகை வைஃபை 2.4. சூடாக்கும் கருவிகளின் கசிவால் இரைச்சலாகக் கிடந்த, யாரும் விரும்பாத அலைவரிசை அது. 1985-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அதை 'உரிமம் வாங்காமலே தகவல் அனுப்பப் பயன்படுத்தலாம்' என்று திறந்துவிட்டது. வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அந்தப் புறம்போக்கில்தான் வைஃபையும் ப்ளூடூத்தும் குடியேறின. அடுப்பு ஓடும்போது பக்கத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர் திக்கினால் ஆச்சரியப்படாதீர்கள்!

ஐன்ஸ்டீன் இல்லாவிட்டால் பிரியாணி பக்கத்து ஊருக்குப் போகும்

உங்கள் போன் ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு எதையுமே அனுப்புவதில்லை, தெரியுமா? காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான்! சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் 'இப்போது மணி இன்னது, நான் இருப்பது இன்ன இடம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. குறைந்தது நான்கு குரல்களைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைப் போனே கணக்கிட்டுக்கொள்கிறது.

அங்கேதான் ஐன்ஸ்டீன் வருகிறார். வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்றது அவருடைய 1905-ம் ஆண்டுக் கோட்பாடு. அதனால் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பின்தங்கும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும் என்றது 1915-ம் ஆண்டுக் கோட்பாடு. அதனால் 45 மைக்ரோநொடி முந்தும். கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி வித்தியாசம். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் 38 பங்கு! இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 10 கி.மீ. பிழை சேர்ந்துவிடும். வேளச்சேரியில் ஆர்டர் செய்தால் தாம்பரத்தில் போய் நிற்க வேண்டியதுதான்!

இந்த ராணுவ வசதி நமக்கு எப்படிக் கிடைத்தது? 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறி சோவியத் எல்லைக்குள் போன கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள் போயின. அதன்பின் ஜிபிஎஸ் முழுமையானதும் பொதுமக்களுக்கும் தரப்படும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையையும் 2000 மே மாதம் நீக்கினார்கள். அதற்கு முன்னால் 100 மீட்டர் அளவுக்குத் தடுமாறும்! இன்று ஆம்புலன்ஸ் நம் தெருவைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்குப் பின்னால் அந்த முடிவு இருக்கிறது.

நொடிக்கு 50,000 துளிகள்!

சிப் செய்யும் இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் கதைவிடுகிறேன் என்பீர்கள். அத்தனையும் உண்மை!

நெதர்லாந்தின் வெல்ட்ஹோவன் ஊரில் இருக்கிறது ஏஎஸ்எம்எல் நிறுவனம். உலகத்தின் மிக நுண்ணிய சிப்களை அச்சிடும் இயந்திரத்தைச் செய்து விற்பது இந்த ஒரே நிறுவனம்தான்! அந்த இயந்திரத்துக்குள் உருக்கிய வெள்ளீயம் துளித் துளியாகப் பாய்கிறது. நொடிக்கு 50,000 துளிகள். பறந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை அடிக்கிறது. முதல் அடியில் துளி தட்டையாகிறது. இரண்டாவது அடியில் 2 லட்சம் டிகிரிக்கும் மேல் சூடாகி வெடித்து ஒளிர்கிறது. 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளி!

அந்த ஒளியைக் காற்றே குடித்துவிடும். அதனால் இயந்திரத்தின் உள்ளே வெற்றிடம். கண்ணாடி வில்லையும் குடித்துவிடும். அதனால் வில்லையே கிடையாது, எல்லாம் பிரதிபலிக்கும் ஆடிகள்தான். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் தேய்த்துக் கொடுக்கும் அந்த ஆடிகளின் வழவழப்பு எப்படித் தெரியுமா? ஆடியை ஜெர்மனி நாட்டளவுக்குப் பெரிதாக்கினாலும் அதில் உள்ள மேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்!

1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள். 2023-ல் வந்த ஐபோன் 15 புரோவின் சிப்பில் 1,900 கோடி! உலக மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதை வைத்துக்கொண்டு நாம் 'குட் மார்னிங்' படம் அனுப்புகிறோம். அனுப்பலாம், தப்பே இல்லை. என்ன ஒரு மகத்தான பொருளை வைத்து அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பினால் இன்னும் சந்தோஷம்!

பாட்டுக் கேட்டு மயங்கி விழுந்த லேப்டாப்

1989-ல் வெளிவந்த ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டுக்கு ஒரு விநோத சக்தி உண்டு. அதை ஓடவிட்டால் சில பழைய லேப்டாப்கள் அப்படியே நின்றுபோயின! பாட்டை ஓடவிட்ட லேப்டாப் மட்டுமா? பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்பும் நின்றது! மைக்ரோசாஃப்ட்டின் மூத்த பொறியாளர் ரேமண்ட் சென் 2022-ல் இதை வெளியே சொன்னார். காரணம் என்ன? பாட்டின் ஒரு சுருதி, நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஒரு வகை ஹார்ட் டிஸ்க்கின் இயற்கையான அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டது. டிஸ்க் அதிர்ந்து தடுமாறிவிட்டது. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? அந்தச் சுருதியை மட்டும் வடிகட்டும் ஒரு நிரலை லேப்டாப்பின் ஒலிப் பாதையில் சேர்த்துவிட்டார்கள்!

2018-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் திடீரென்று ஐபோன்களும் ஆப்பிள் வாட்ச்களும் வரிசையாகச் செத்துவிழுந்தன. ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை! துப்புத் துலக்கினால், புதிதாக வைத்த எம்ஆர்ஐ இயந்திரத்திலிருந்து ஹீலியம் கசிந்திருக்கிறது. போனின் இதயத்துடிப்பு போன்ற கடிகாரத்தை அந்த ஐபோன்களில் வெற்றிடத்தில் அடைத்த நுண்ணிய சிலிக்கான் துண்டு இயக்குகிறது. ஹீலியம் அணு படுசிறிசு. அந்த அடைப்புக்குள்ளும் புகுந்து கடிகாரத்தை நிறுத்திவிட்டது. சில நாட்களில் வாயு வெளியேறியதும் பெரும்பாலானவை உயிர்த்தெழுந்தன!

2003 மே 18, பெல்ஜியத்தில் தேர்தல். ஷார்பெக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு ஓட்டு. எண்ணிப் பார்த்தால் சரியாக 4,096 ஓட்டுகள் அதிகம். கணினிக்காரர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டியது. 2-ஐ 12 முறை பெருக்கினால் 4,096! நினைவகத்தில் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆகப் புரண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் மோதியிருக்கலாம் என்பதுதான் நிபுணர்கள் தந்த விளக்கம். முக்கியமான வேலைகளுக்கான சர்வர்களில் இப்படிப்பட்ட புரளலைத் தானே திருத்திக்கொள்ளும் விசேஷ நினைவகம் வைப்பது இதற்காகத்தான்.

கடலுக்கு அடியில் ஓடும் வீடியோ கால்

சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசும்போது அந்தப் படம் வானத்துச் செயற்கைக்கோள் வழியாக வருகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். கண்டங்களுக்கிடையே போகும் தகவலில் 95 சதவிகிதத்துக்கும் மேல் கடலுக்கடியில் போகிறது, தெரியுமா? 2002-லிருந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வங்கக் கடலின் அடியில் கிடக்கிறது சுமார் 3,200 கி.மீ. நீளமுள்ள ஐ2ஐ கேபிள். ஆழ்கடலில் அதன் பருமன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவுதான்!

உள்ளே ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. வேகத்தில் பாய்கிறது. சென்னையில் புறப்பட்ட முகம் சிங்கப்பூரைத் தொடக் கேபிளுக்குள் எடுக்கும் நேரம் 16 மில்லிநொடி! வழியில் ஒளி மங்கிவிடுமே? அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக, கடலடியிலேயே ஒளியைப் பெருக்கும் கருவிகள். அவற்றுக்குக் கரண்ட்? கரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அதே கேபிள் வழியாகவே போகிறது! தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலும் பாரத் லங்கா என்று ஒரு கேபிள் உண்டு.

1858-ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியில் விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச்சேர எடுத்த நேரம் 16 மணி. அன்றைக்கு 16 மணி, இன்றைக்கு 16 மில்லிநொடி!

ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70

எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து என்று யார் முடிவு செய்தது தெரியுமா? ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட். 1985-ல் பான் நகரில் தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் 160-க்குள் அடங்கியது. போதும் என்று முடிவு செய்தார்!

உண்மையில் ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 அடங்கும். தமிழுக்கு யூனிகோட் முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட். அதனால் 70 மட்டுமே. 'நாளை காலை வருகிறேன்' என்று அடியுங்கள். நம் கண்ணுக்கு 9 எழுத்து, 2 இடைவெளி, ஆக மொத்தம் 11. போன் எண்ணுவது 19! துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. முழு ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் பொதுவாக வரம்பு 160-லிருந்து 70-க்கு விழுந்துவிடும். தமிழில் அனுப்பினால் ஏன் இரண்டு எஸ்எம்எஸ் காசு போனது என்று அந்தக் காலத்தில் குழம்பியவர்களே, காரணம் இதுதான்!

மனசு நிறைகிற செய்தி ஒன்றும் இதில் உண்டு. மாகாணி, காணி, முந்திரி என்று நம் தாத்தாக்கள் கணக்குப் போட்ட பின்னங்களின் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறியீடுகள் 2019-ல் யூனிகோட் 12-ம் பதிப்பில் இடம்பிடித்தன. 320-ல் ஒரு பங்கான முந்திரிக்கும் இன்று உலகக் கணினிகளில் தனி இடம் இருக்கிறது!

சட்டென்று சில

• 1973 ஏப்ரல் 3, நியூயார்க் தெருவில் நின்று உலகின் முதல் கைபேசி அழைப்பைச் செய்தார் மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர். யாருக்கு? போட்டி நிறுவனமான பெல் லேப்ஸின் ஜோயல் எங்கலுக்கு!

• 1975-ல் கோடாக்கின் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமராவின் எடை 3.6 கிலோ. தெளிவு 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி! இன்றைய போன் கேமராவின் உணரியோ, விண்கலங்களுக்காக நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழு 1990-களில் உருவாக்கிய வகை.

• 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் முதல் வெப்கேம் எதைக் காட்டியது தெரியுமா? காபி பாத்திரத்தை! மாடிப்படி ஏறிப் போய்க் காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதல்லவா?

• 1956-ல் ஐபிஎம்மின் முதல் ஹார்ட் டிஸ்க் இயந்திரத்தில் 50 தட்டுகள், எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று ஒரு போட்டோவுக்கே போதாது!

• சாம்சங் 1938-ல் தொடங்கியபோது விற்றது கருவாடும் நூடுல்ஸும். நிண்டெண்டோ 1889-ல் சீட்டுக்கட்டு. நோக்கியா 1865-ல் காகிதக்கூழ் ஆலை! அந்த நோக்கியாதான் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் போன் தொழிற்சாலை திறந்தது. 2014-ல் அது மூடப்பட்டது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன.

• லித்தியம் அயன் பேட்டரிக்காக ஜான் குட்இனஃப் 2019-ல் நோபல் வாங்கியபோது அவருக்கு வயது 97. அந்தப் பரிசு வாங்கியவர்களிலேயே மூத்தவர்!

• 2038 ஜனவரி 19, பொங்கல் முடிந்த சில நாட்களில், காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. நம் நேரப்படி அந்த நொடியோடு பழைய 32 பிட் கணினிகளின் நேரக் கணக்கு நிரம்பிவிடும். திருத்தாமல் விட்ட கருவிகள் அடுத்த நொடியில் 1901-க்குத் தாவிவிடும்!

திறந்து வைத்தவர்கள் ஜெயித்தார்கள்

இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வகத்தில் ஒரு நெக்ஸ்ட் கணினியில்தான் உலகின் முதல் வலைத்தளத்தை வைத்திருந்தார். 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று அதன்மேல் சிவப்பு மையில் கையால் எழுதிய ஒரு காகிதம். யாராவது சுவிட்சை அணைத்தால் உலகத்தின் மொத்த வலையும் அணைந்துவிடும் காலம் அது!

அதே நேரத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் 'கோஃபர்' என்ற முறை வலையைவிடப் பிரபலமாக இருந்தது. 1993-ல் கோஃபர் சர்வருக்குக் கட்டணம் வாங்கப்போவதாகப் பல்கலைக்கழகம் சொன்னது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன், வலையின் நிரலைப் பொதுச் சொத்தாக்கியது. எது பிழைத்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

யூஎஸ்பியும் அப்படித்தான். வடோதராவில் படித்த அஜய் பட் இன்டெல்லில் வழிநடத்திய குழுவின் உழைப்பு அது. 1996-ல் முதல் பதிப்பு. பிரிண்டருக்கு ஒரு சாக்கெட், மவுஸுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்றிருந்த காலத்துக்கு முடிவு கட்டியது. இன்டெல் அதற்கு உரிமைத்தொகை கேட்காமல் விட்டதால் எல்லோரும் செய்தார்கள். எல்லோரும் செய்ததால் விலை இறங்கியது.

எல்லாமே இலவசமாக வந்ததா என்றால் இல்லை. வைஃபை காப்புரிமைக்காக சிஎஸ்ஐஆர்ஓ பெரிய பெரிய கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்துக் கோடிக்கணக்கில் வாங்கியது. வாங்கியது நியாயம்தான், பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு, பொது அமைப்புக்கே பணம் திரும்பியது. ஆனால் அங்கேயும் அடிப்படை ஒன்றுதான். எந்தக் கம்பெனியின் போனும் எந்தக் கம்பெனியின் ரூட்டரோடும் பேசும்படி எல்லோருக்கும் பொதுவான ஒரே தரம்!

நம் தமிழிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்கையெடுத்து மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் சங்க நூல்களிலிருந்து தற்கால நூல்கள்வரை சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள், எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள்!

கடைக்காரரிடம் கேட்க மூன்று கேள்விகள்

ஆகவே, புது போன் வாங்கப் போகும்போது கேமரா எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: சார்ஜர் எல்லோரும் பயன்படுத்துவதா? ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய போன்களுக்கு யூஎஸ்பி சி கட்டாயம் என்றது. ஆப்பிள் அதற்கு முன்பே, 2023-ல் ஐபோன் 15-லிருந்து மாறிவிட்டது. ஒரு சட்டம் உலகம் முழுக்க ஒயர் குப்பையைக் குறைக்கிறது!

இரண்டாவது: எத்தனை வருடம் மென்பொருள் அப்டேட் வரும்? கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். ஏழு வருடம் சாத்தியம் என்றால் மற்றவர்கள் ஏன் இரண்டில் நிறுத்த வேண்டும்?

மூன்றாவது: பேட்டரியை மாற்ற முடியுமா? 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பாவில், பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும் என்கிறது இன்னொரு சட்டம். அதில் சில விதிவிலக்குகள் உண்டு. நம் நாட்டிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்!

செவ்வாயின் கடுங்குளிரில் ஒரு பழைய போன் சிப் மூன்று வருடத்துக்குப் பக்கமாக உழைத்திருக்கிறது. நம் சட்டைப் பையில் இருக்கும் போன் இரண்டு வருடத்தில் பழசாகிவிட்டது என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள்!